கடலோரம் பெயர் தேடி

ஓமந்தூரில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. கிழக்கே ஏரிப்பாசன வயல்கள், சவுக்குத் தோப்புகள், அதற்கும் அப்பால் கழுவெளி என்னும் பெரிய உவர்நீர்ப் பரப்பு. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் கழுவெளியைச் சுற்றிக்கொண்டு போனால்தான் அனுமந்தை, கூனிமேடு, மரக்காணம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஊர்கள் வரும். சாலையைத் தாண்டினால் குப்பங்கள்.

ஓமந்தூரை வெளியூர்க்காரர்கள் அறிந்திருப்பது ஒரு மனிதரால். 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாண அரசுக்குத் தலைமை ஏற்றிருந்த ஓ.பி. ராமசாமி ரெட்டியார் இந்த மண்ணில் பிறந்தவர். தேவதாசி முறை ஒழிப்புச் சட்டமும் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் அவர் ஆட்சியில் வந்தவை. ஊரில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, சென்னையில் அவர் பெயரில் அரசினர் தோட்டம் இருக்கிறது. பதவியை விட்டதும் வடலூரில் வள்ளலார் வழியில் தொண்டு செய்யப் போய்விட்ட மனிதருக்கு நாடு செய்திருக்கும் மரியாதை அது, தகுதியான மரியாதை.

அவர் பதவிக்கு வருவதற்கு முந்தைய பத்தாண்டுகளில் இதே தென்னாற்காட்டு மாவட்டத்திலிருந்து ஆயிரமாயிரம் பேர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறியிருந்தார்கள். அவர்களை ஏற்றிப்போன கப்பல்களில் ஒன்று, இரண்டாம் உலகப்போரில் தன் பணியாளர்களோடு மத்தியதரைக் கடலில் மூழ்கியது. துப்பாக்கி ஏந்தாமல், நிலக்கரி தள்ளியும் சோறு ஆக்கியும் கயிறு இழுத்தும் போரில் செத்துப்போன இந்த வணிகக் கப்பல் தொழிலாளிகளுக்கு நம் கரையில் ஒரு கல்லாவது நிற்கிறதா? அதைத் தேடித்தான் இந்தப் பயணம்.

முதலில் கூனிமேட்டுக்கு அருகே ஒரு குப்பத்துக்குப் போனேன். வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், கடலில் போனவர் திரும்பாவிட்டால் இங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கேட்கக் கூசும் கேள்வி. அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்.

"ஒடம்பு கரையேறலன்னா எந்தத் தேதியில காரியம் பண்றதுன்னே தெரியாது தம்பி. பொண்டாட்டி பொட்டு வெச்சிக்கலாமா கூடாதான்னு சொந்தக்காரங்களே சண்ட போட்டுக்குவாங்க. சர்டிபிகேட்டு கேட்டுப் போனா, ஏழு வருசம் ஆவட்டும்ங்கறாங்க."

ஏழு ஆண்டு என்பது சட்டம். ஒருவர் உயிரோடு இருப்பதாக ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் வராவிட்டால்தான் இறந்தவராகக் கருதலாம் என்பது வெள்ளைக்காரன் காலத்துச் சாட்சியச் சட்டத்திலிருந்து இன்றுவரை தொடரும் விதி. உடல் இல்லாத சாவு எழவுக்கும் சிக்கல், ஏட்டுக்கும் சிக்கல். கடலோரத்தில் நினைவுக்கல் நடுவது வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் இந்தப் பெரியவரிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டு வர வேண்டும். புதைக்க உடல் கிடைக்காத குடும்பத்துக்குப் பெயர் பொறித்த கல்தான் கல்லறை.

புதுச்சேரி அங்கிருந்து பக்கம். கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் நிற்கிறது. துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துத் தலை கவிழ்ந்து நிற்கும் வீரனின் உருவம், சுற்றி வெள்ளைத் தூண்கள், நன்கு பராமரித்த பூச்செடிகள். முதல் உலகப்போரில் பிரான்சுக்காக இறந்த பிரெஞ்சிந்தியர்களுக்காக எழுப்பி, 1938-இல் திறந்துவைத்தார்கள். ஜூலை 14 வந்தால் மலர்வளையம் வைக்கிறார்கள். மாலையில் விளக்கு போட்டதும் உள்ளூர்க் குடும்பங்கள் அதன் எதிர்ப்புறத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து சுண்டல் தின்கின்றன. இந்தியக் கடற்கரைகளில் இவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்ளப்படும் போர்ச் சின்னங்கள் குறைவு. ஆனால் அது படைவீரர்களுக்கானது. அவர்களைக் கரையிலிருந்து கப்பலுக்குப் படகில் கொண்டுபோனவர்களும், கப்பலின் அடித்தளத்தில் அடுப்புக்கு முன் நின்றவர்களும் அந்தக் கல்லில் இல்லை.

புதுச்சேரியிலிருந்து தெற்கே, கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினத்துக்குப் பேருந்து பிடித்தேன்.

நாகப்பட்டினம் துறைமுகத்தை இன்று பார்ப்பவர்களுக்கு அதன் பழைய பரபரப்பைக் கற்பனை செய்வது கடினம். பழைய கலங்கரை விளக்கம் நிற்கிறது. 2023 அக்டோபரில் இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் மீண்டும் தொடங்கியபோது ஊர் கொஞ்சம் தலைநிமிர்ந்தது. நூறாண்டுக்கு முன்போ, கப்பல்கள் ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்க, கரையிலிருந்து படகு படகாக மனிதர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி சென்னை – நாகப்பட்டினம் – பினாங்கு – சிங்கப்பூர் தடத்துக்கென்றே 1926-இல் இரண்டு கப்பல்களைக் கட்டியது. ஒன்று ரஜூலா, மற்றொன்று ரோனா.

ரஜூலாவின் பெயரைச் சொன்னால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் தமிழ் முதியவர்களின் முகம் மாறும். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போன ஆயிரக்கணக்கான பேரின் கப்பல் அது. ஐயாயிரம் பேருக்கும் மேல் ஏற்றிக்கொள்ள அனுமதி பெற்றிருந்தது. போர்க்காலத்தைத் தாண்டிப் பிழைத்து, 1970-களின் தொடக்கம் வரை இதே தடத்தில் ஓடி, பிறகு உடைப்புக்குப் போனது. அதனால் அதற்கு நினைவுகள் இருக்கின்றன, புகைப்படங்கள் இருக்கின்றன, எழுதியவர்களும் இருக்கிறார்கள்.

அதே ஆண்டு பிறந்த சகோதரிக் கப்பலான ரோனாவைப் பற்றி நம் பக்கத்தில் பேச்சே இல்லை. போர் வந்ததும் அதைத் துருப்புக் கப்பலாக மாற்றினார்கள். 1943 நவம்பரில் அது அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் அமெரிக்கப் படையினரை ஏற்றிக்கொண்டு, சூயஸ் வழியே இந்தியாவை நோக்கிப் புறப்பட்டது. நவம்பர் 26 மாலை, அல்ஜீரியக் கரைக்கு அப்பால் கப்பல் கூட்டத்தின் மேல் ஜெர்மானிய விமானங்கள் பாய்ந்தன. அவற்றில் ஒன்று எறிந்தது, வானொலி அலையால் வழிநடத்தப்படும் புதுவகைச் சிறகுக் குண்டு. விமானத்தில் இருந்தபடியே ஒருவன் அதைத் திருப்பித் திருப்பி ஓட்டிவந்து ரோனாவின் பக்கவாட்டில், எந்திர அறை இருக்கும் இடத்தில் மோதவிட்டான். ஒரு மணி நேரத்துக்கு மேல் கப்பல் தாங்கியது. 22 உயிர்காப்புப் படகுகளில் 8 மட்டுமே நீரில் இறங்கின, அவற்றிலும் பல கவிழ்ந்தன. இருட்டு, கொந்தளிப்பு, குளிர். 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அமெரிக்கர்கள் மட்டும் 1,015 பேர்.

கப்பலின் பணியாளர் 195 பேர். பெரும்பாலானோர் இந்தியர்கள். அவர்களில் 117 பேரும், அதிகாரிகள் ஐவரும் போனார்கள். பத்தில் ஆறு பேர். எந்திர அறையில் குண்டு விழுந்தால் முதலில் சாவது கொதிகலன் முன் நிற்பவன்தான். நீர்மூழ்கியின் குண்டும் நீர்மட்டத்துக்குக் கீழேதான் பாயும். அந்த நாள் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல்களில் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்த வேலைகளெல்லாம் பெரும்பாலும் நம் ஆட்களுடையவை.

குண்டின் வெற்றி எதிரிக்குத் தெரியக்கூடாதென்று இந்த அழிவைப் பல ஆண்டுகள் மறைத்துவைத்தார்கள். அமெரிக்கக் குடும்பங்கள் விடாமல் கேட்டுக் கேட்டு விவரம் பெற்றன. 1996-இல் அலபாமா மாநிலத்தின் ஃபோர்ட் மிட்செல் தேசியக் கல்லறையில் ரோனாவுக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். பிழைத்துவந்த படைவீரர்கள் சிலர், இந்தியப் பணியாளர்கள் படகுகளை ஒழுங்காக இறக்கவில்லை, முந்திக்கொண்டு ஓடினார்கள் என்று குறைசொல்லி எழுதியிருக்கிறார்கள். துருவேறி அசையாமல் போன படகுத் தூக்கிகளை யார் பராமரித்திருக்க வேண்டும் என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். பத்தில் ஆறு பேரைப் பறிகொடுத்த கூட்டத்தை முந்திக்கொண்டு ஓடியவர்கள் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்கள் பக்கக் கதையை எழுதி வைக்க யாரும் அவர்களிடம் போகவில்லை. பழி மட்டும் அச்சில் ஏறிவிட்டது.

நாகப்பட்டினத்தின் கரையில் ரோனா என்ற பெயரை நான் எங்கும் காணவில்லை. நினைவுச் சின்னம் எழுப்பத் தெரியாத கரையும் அல்ல இது. 2004 ஆழிப்பேரலையில் இந்த மாவட்டம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. வேளாங்கண்ணியில் அதற்கு நினைவிடம் இருக்கிறது, டிசம்பர் 26 தோறும் மக்கள் மெழுகுவத்தியோடு வருகிறார்கள்.

அங்கிருந்து சென்னைக்கு வந்தேன். சென்னையில் கடற்கரையும் போரும் சந்திக்கும் இடங்கள் இரண்டு. ஓமந்தூரார் அரசினர் தோட்டத்திலிருந்து கூவத்தை ஒட்டி நடந்து நேப்பியர் பாலத்தைத் தாண்டினால் போர் வெற்றி நினைவுச் சின்னம். முதல் உலகப்போரில் நேச நாடுகள் வென்றதற்காகக் கட்டப்பட்டு, பிறகு அடுத்தடுத்த போர்களின் ஆண்டுகளும் சேர்ந்துகொண்ட வட்ட மண்டபம் அது. இங்கும் படைவீரர்களே நினைக்கப்படுகிறார்கள்.

இன்னொன்று உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுவரில் உள்ள சிறு பலகை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று நூறு குண்டுகளுக்கு மேல் வீசியதன் அடையாளம். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்த கதையைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. அந்த இரவு துறைமுகத்தில் நின்றிருந்த சுப்ரா என்ற வணிகக் கப்பலின் மீதும் குண்டுகள் விழுந்தன, அதில் இருந்தவர்கள் செத்தும் காயம்பட்டும் போனார்கள். அந்தக் கதையில் சுப்ராவின் பெயர் அநேகமாக வருவதே இல்லை. எம்டனின் தலைவன் கார்ல் ஃபான் முல்லர் வணிகக் கப்பல்களைப் பிடித்தால் முதலில் ஆட்களைப் பத்திரமாக இறக்கிவிட்டுப் பிறகே கப்பலை மூழ்கடித்தவன், எதிரிகளும் அதற்காக அவனை மதித்தார்கள். சென்னையில் வீசியது இருட்டில், தொலைவிலிருந்து. யார் மேல் விழுகிறது என்று பார்த்து வீச முடியாது. சென்னையை விட்டு அந்தக் கப்பல் தெற்கே, இலங்கைப் பக்கம் போனது.  மூன்று நாள் கழித்து இலங்கைக் கடலில் மீண்டும் வணிகக் கப்பல்களை வேட்டையாடத் தொடங்கியது.

தமிழ்க் கரையில் தேடியது கிடைக்கவில்லை. அதற்கு ஒரு காரணமும் உண்டு. பிரிட்டிஷ் கப்பல் கம்பெனிகள் இந்தியப் பணியாளர்களை அமர்த்திக்கொண்டது முக்கியமாகக் கல்கத்தாவிலும் பம்பாயிலும். சில்ஹெட், நவகாளி, சிட்டகாங் ஆட்கள் கல்கத்தா வழியாகவும், கொங்கண், குஜராத், கோவா, பஞ்சாப் ஆட்கள் பம்பாய் வழியாகவும் ஏறினார்கள். எனவே கொல்கத்தா செல்லும் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஏறினேன். ஆந்திர, ஒடிசாக் கரையோர மாவட்டங்கள் வழியே நீளும் பயணம் அது.

கொல்கத்தாவில் மைதானத்தின் தென்கோடியில், ஹேஸ்டிங்ஸ் பகுதியில், ஹூக்ளி ஆற்றுக்கு முகம் காட்டி நிற்கிறது லஸ்கர் போர் நினைவுச் சின்னம். பிரின்ஸெப் படித்துறையிலிருந்து நடந்தே போய்விடலாம். தலைக்குமேல் வித்யாசாகர் சேதுவின் கம்பிகள் வானத்தைக் கோடு போட்டிருக்கின்றன. லஸ்கர் என்பது வெள்ளைக்காரர் கப்பல்களில் வேலை செய்த இந்திய மாலுமிகளுக்கு வழங்கிய பெயர். முதல் உலகப்போரில் இறந்த வங்காள, அசாம், வட இந்திய மாலுமிகள் 896 பேருக்காகக் கப்பல் கம்பெனிகளும் வணிக நிறுவனங்களும் பணம் போட்டுக் கட்டியது. 1924 பிப்ரவரி 6 அன்று வங்காள ஆளுநர் லிட்டன் பிரபு திறந்துவைத்தார்.

நூறடி உயரச் சதுரத் தூண். வில்லியம் கெயர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். போர்ச் சின்னம் என்றால் கிரேக்கத் தூணும் சிலுவையும் வாளும் வைப்பதே அன்றைய வழக்கம், கெயர் அதைச் செய்யவில்லை. உச்சியில் கும்மட்டம், நான்கு மூலையிலும் சின்னச் சின்னக் கோபுரங்கள். மேற்பாதியில் நான்கு பக்கமும் பழங்காலப் படகின் முகப்பு ஒவ்வொன்று கல்லிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் அடியில் அலை அலையாகச் செதுக்கிய வரிகள். ஆற்றுப் பக்கமிருந்து அண்ணாந்து பார்த்தால், நான்கு படகுகள் நான்கு திசைக்கும் ஒரே நேரத்தில் புறப்படுவதுபோல் இருக்கிறது. நான் பார்த்த போர்ச் சின்னங்களில் போரே இல்லாத சின்னம் இதுதான். துப்பாக்கி இல்லை, தலைக்கவசம் இல்லை, வெற்றித் தேவதை இல்லை. படகும் தண்ணீரும் மட்டும். அந்த மனிதர்களின் வாழ்க்கையில் இருந்ததும் அவ்வளவே. நெடுநேரம் அங்கேயே நின்றேன்.

பல பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த இதை 1990-களில் கடற்படை சீரமைத்தது. இன்று சுற்றுப்புறம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் பிரின்ஸெப் படித்துறைக்குப் படம் எடுத்துக்கொள்ள வரும் கூட்டத்தில் மிகச் சிலரே இந்தப் பக்கம் நடந்துவருகிறார்கள். இறந்தவர்களின் ஊர்களான சில்ஹெட்டும் நவகாளியும் சிட்டகாங்கும் இன்று வங்கதேசத்தில். பேரன் பேத்திகள் இதைப் பார்க்க விசா வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

எனக்கு உறுத்தியது, 896 என்ற எண். கல்லில் இருப்பது எண். லண்டனில் தேம்ஸ் ஆற்றோரம் டவர் ஹில் பகுதியில் வணிக மாலுமிகளுக்கென்று ஒரு நினைவிடம் உண்டு. முதல் போருக்கான மண்டபம் எட்வின் லுட்யன்ஸ் வடிவமைத்தது, இரண்டாம் போருக்கான தாழ்ந்த தோட்டத்தை எட்வர்ட் மாஃப் சேர்த்தார். இரண்டுமாக ஏறத்தாழ 36,000 பெயர்கள், கப்பல் வாரியாக, வெண்கலப் பலகைகளில். ஒருவரின் பெயரை அவர் கூட வேலை செய்த ஆட்களின் பெயர்களோடு சேர்த்துத் தடவிப் பார்க்கலாம். அதே கப்பல்களில் அதே நாளில் இறந்த இந்தியர்களின் பெயர்கள் வேறிடத்தில். மும்பை மசூதி பந்தரில் உள்ள இந்திய மாலுமிகள் இல்லத்தில் முதல் போரில் இறந்த 2,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். இரண்டாம் போரில் இறந்த ஏறத்தாழ 6,000 இந்திய வணிக மாலுமிகளின் பெயர்கள் புத்தகங்களாக மும்பையிலும் சிட்டகாங் போர்க் கல்லறையிலும் இருக்கின்றன. கல்லில் அல்ல, காகிதத்தில். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-இல் வெளியிட்ட அறிக்கையில், முதல் போருக்குப் பின் ஆப்பிரிக்க, ஆசிய இறந்தோரைச் சமமாக நினைவுகூரவில்லை என்று ஒப்புக்கொண்டது. ஒரு லட்சத்து 16 ஆயிரம் பேருக்காவது பெயரே பதிவாகவில்லை என்பது அதன் கணக்கு.

உயிரோடு இருந்தபோதும் நிலைமை இதுதான். பிரிட்டிஷ் மாலுமியின் கூலியில் நான்கில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்கு நம் ஆட்களுக்கு. படுக்க இடமும் குறைவு. 1939-இல் போர் தொடங்கிய வேகத்திலேயே பிரிட்டிஷ் துறைமுகங்களில் இந்திய மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பலர் சிறைக்குப் போனார்கள், கூலியும் உயர்ந்தது. கல்கத்தாவில் ஆஃப்தாப் அலியும் லண்டனில் சூரத் அலியும் அந்தப் போராட்டத்தின் குரல்களாக இருந்தார்கள். சாவுக்குப் பயந்து அல்ல, கூலி கேட்டு நின்றவர்கள், கூலி கிடைத்ததும் அதே அட்லாண்டிக்குக்குத் திரும்பிப் போனார்கள். 1940 செப்டம்பரில் சிட்டி ஆஃப் பெனாரஸ் என்ற கப்பல் மூழ்கியபோது, பாதுகாப்புக்காகக் கனடாவுக்கு அனுப்பப்பட்ட 77 குழந்தைகள் இறந்ததை உலகம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அந்தக் கப்பலின் இந்தியப் பணியாளர்களில் நூறு பேரளவு அதே குளிரில் மடிந்தார்கள். எட்டு நாள் கடலில் மிதந்து பிழைத்த 12-ஆம் எண் படகில் இருந்தவர்களில் பெரும்பாலோர் லஸ்கர்கள்.

திரும்பும் வழியெல்லாம் என் மனம் நாகப்பட்டினத்திலேயே இருந்தது. 1942 நவம்பர் 23 அன்று ஜப்பானிய நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட திலாவா என்ற கப்பலில் 280 பேர் இறந்தார்கள். அதுவும் ரோனாவின் கம்பெனியைச் சேர்ந்ததே, பம்பாயிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கா போனது. எண்பது ஆண்டு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. இறந்தவர்களின் குடும்பங்களே ஒருவரையொருவர் தேடிப் பிடித்து 2022-இல் மும்பையில் முதன்முறையாக நினைவுநாள் நடத்தின. ரோனாவின் 117 பேருக்கு நம்மிடம் அப்படி ஒரு குடும்பக் கூட்டம் இல்லை. அவர்களில் எத்தனை பேர் தமிழர் என்பது எனக்குப் பொருட்டில்லை. நம் பாட்டன்களைப் பினாங்குக்கு ஏற்றிப்போன கப்பல் அது, அந்தத் தடத்தில் அதை ஓட்டியது இத்தகைய தொழிலாளிகளின் கைகள். அது மட்டும் போதும். அலபாமாவில் ஒரு கல் இருக்கிறது, அமெரிக்கர்களுக்கு. இந்தக் கப்பலுக்குத் தாய்த்துறை என்றால் அது சென்னையும் நாகப்பட்டினமும்தான்.

பெயர்களுக்காக அலைய வேண்டியதும் இல்லை. மும்பைப் புத்தகத்தில் கப்பல் பெயரோடு அவை இருக்கின்றன, போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் யாரும் தேடிப் பார்க்கலாம். சாரங்கு, தண்டல், பண்டாரி, கொதிகலன் ஆள் என்று பணியோடு சேர்த்துத் தமிழிலும் வங்காளியிலும் உருதுவிலும் எழுதி, பழைய கலங்கரை விளக்கத்துக்கு அருகே, காங்கேசன்துறைக் கப்பலுக்கு வரிசையில் நிற்பவர்கள் படிக்கும் உயரத்தில் ஒரு கருங்கல் நட்டால் போதும். திறப்புக்கு நாள் நவம்பர் 26. நாகப்பட்டினம் துறைமுகத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கு இதைக் கடிதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கூடவே 117 பெயர்களின் பட்டியலையும் இணைத்து அனுப்பப் போகிறேன்.